கடற்புழுவைக் குடும்பம் வரை அடையாளம் காண்பது எப்படி?

நீளமாய், மென்மையாய் ஏதாவது நெளிந்தால் அதைப் புழு என்று சொல்லிவிடுகிறோம். கரையோரச் சேற்றை ஒரு மண்வெட்டி அள்ளிச் சலித்துப் பாருங்கள். அந்த ஒரே சொல்லுக்குள் எத்தனை வேறுபட்ட உயிர்கள் அடங்கியிருக்கின்றன என்பது தெரியும். பள்ளியில் படித்த நெரிஸ் என்னும் கடற்புழுவும் அதன் அருகிலேயே துடிக்கும் உருளைப்புழுவும் ஒரே இனம்போலத் தோன்றும். உண்மையில் நெரிஸுக்கு உருளைப்புழுவைவிட நத்தைதான் நெருங்கிய உறவு. மரக்கலங்களைத் துளைத்து அரிக்கும் கப்பல்புழுவோ புழுவே அன்று. உடல் நீண்டுவிட்ட ஒரு சிப்பி.

இந்தக் குழப்பம் பழையது. 1758-இல் லின்னேயஸ், முதுகெலும்புள்ளவற்றையும் கணுக்காலிகளையும் பிரித்தெடுத்த பின் எஞ்சிய விலங்குகளை 'வெர்மிஸ்' என்ற ஒரே மூட்டையில் கட்டினார். அந்த மூட்டையை நம் தட்டில் அவிழ்ப்பதுதான் இந்தச் செய்முறை. இப்போதைக்குக் குடும்பம் வரை போனால் போதும். முதல் நாளே சிற்றினப் பெயர் வேண்டும் என்று அவசரப்படுபவர்கள், பெயரைத் தேடும் வேகத்தில் புழுவைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

படி 1: கருவிகள்

அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை, வெள்ளைத் தட்டு, மென்மையான தூரிகை, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சில பெட்ரித் தட்டுகள், பென்சில், குறிப்பேடு. குடும்பத்தைப் பிரிக்கும்போது நுண்ணோக்கி தேவைப்படும். கையுறை கட்டாயம். நெருப்புப் புழுக்களின் வெண்ணிற முட்கள் கண்ணாடி இழைபோல உடைந்து தோலில் ஏறிவிடும். எரிச்சல் எளிதில் அடங்காது. பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

படி 2: சேகரித்தல்

ஓதம் வற்றியிருக்கும் நேரத்தில் செல்லுங்கள். சேறு, மணல், கற்களின் அடிப்புறம், தூண்களில் ஒட்டிய சிப்பிக் கூட்டம் என இடத்துக்கு இடம் புழுக்கள் மாறும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, எடுத்த இடத்தை அங்கேயே எழுதிவிடுங்கள். சல்லடையின் மேல் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அந்த வேகத்தில் மெல்லிய புழுக்கள் அறுந்துவிடும். சல்லடையைப் பாதி மூழ்கும்படி கடல்நீரில் வைத்து, தொட்டில் ஆட்டுவதுபோல மெல்ல அசையுங்கள். புரட்டிய கல்லை முன்பு இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடிப்புறத்தில் ஒட்டி வாழ்பவற்றுக்கு வெயில் பட்டால் உயிர் போய்விடும்.

படி 3: உயிரோடு பாருங்கள்

பலர் தாண்டிவிடும் படி இது. நானும் தாண்டியிருக்கிறேன். தொடக்கத்தில், கல்லுக்கடியில் கிடைத்த கரும்பழுப்பு ரிப்பன் புழு ஒன்றை நேராக ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் போட்டேன். சில நொடிகளில் அது முறுகிச் சுருங்கி, ஐந்தாறு துண்டாயிற்று. நாள் போகப் போக நிறமும் வெளுத்தது. குப்பியில் எஞ்சியதை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை. உயிரோடு இருந்தபோது நான் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே, கடல்நீர் ஊற்றிய தட்டில் விட்டுப் பத்து நிமிடம் கைவைக்காமல் பாருங்கள். நகரும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும். உருளைப்புழு இருபக்கமும் வில்லாய் வளைந்து வளைந்து துடிக்கும். அதன் உடற்சுவரில் நீளவாட்டுத் தசை மட்டுமே இருப்பதால் மண்புழுபோல நீண்டு குறுகி ஊர அதனால் முடியாது. ரிப்பன் புழு நேர்மாறு: வழுக்கிக்கொண்டு போகும், தொட்டால் சட்டென்று தடித்துக் குறுகும். தட்டைப்புழு அடிப்புறக் குறுஇழைகளின் துணையால், காற்று தள்ளும் இலைபோல நழுவும். நெரிஸ் போன்ற பாலிகீட்டுப் புழுவின் பக்கங்களில் கால்கள் அலை அலையாய் இயங்கும். நிறம், வரிகள், கண்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள், படமும் எடுங்கள்.

படி 4: தொகுதியைப் பிரித்தல்

கைலென்ஸில் முதலில் இரண்டைத் தேடுங்கள். உடல் கண்டங்களாகப் பிரிந்திருக்கிறதா? பக்கங்களில் சீட்டா என்னும் நுண்முட்கள் தெரிகின்றனவா? இரண்டும் இருந்தால் வளைத்தசைப்புழு, அதாவது மண்புழு அடங்கிய தொகுதி. கண்டந்தோறும் பக்கக்கால்களும் இருந்தால் அது பாலிகீட்டு. சலித்த சேற்றில் பெரும்பாலும் இவையே நிறைந்திருக்கும். 10,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் விவரிக்கப்பட்டுள்ள பெருங்கூட்டம் இது.

கண்டங்கள் இல்லையென்றால் உடல் வடிவத்தைப் பாருங்கள். இலைபோலத் தட்டையாக, ஆசனவாய் இல்லாமல் இருப்பது தட்டைப்புழு. இருமுனையும் மெலிந்த, பளபளப்பான நூல்துண்டு உருளைப்புழு. ரிப்பன் புழுவுக்கு, உணவுக்குழலுக்கு மேலே தனி உறையில் ஒரு துதிக்கை மடங்கியிருக்கும். இரையைக் கண்டால் அதை வெளியே வீசும். (குடலில் வாழும் நாடாப்புழு வேறு, அது தட்டைப்புழு வகை.) ரிப்பன் புழுக்களில் ஒன்றான லினியஸ் லாங்கிசிமஸ் 1864-இல் ஸ்காட்லாந்துக் கரையில் 55 மீட்டர் நீளத்தில் கிடைத்ததாகப் பதிவு உண்டு. இழுபட்டு நீண்ட உடலை அளந்திருக்கலாம் என்றாலும், வியக்க வைக்கும் விலங்குதான்.

முன்பகுதியைச் சட்டைக் கையைப் போல உள்ளே இழுத்துக்கொண்டு நிலக்கடலை வடிவில் சுருங்குவது கடலைப்புழு. முன்னால் நீண்ட கரண்டி போன்ற உறுப்பு, சுருங்கினாலும் உடலுக்குள் போகாமல் நின்றால் கரண்டிப்புழு. துதிக்கை, கழுத்துப்பட்டை, உடல் என மூன்று பகுதிகளும் மருந்து வாடையும் இருந்தால் பாலனோகிளாசஸ் போன்ற அரைநாணி. மேலே சொன்ன அத்தனையிலும் முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு இதுதான்.

படி 5: மயக்குதல், பதப்படுத்துதல்

ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 75 கிராம் மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்டைக் கரையுங்கள். புழு இருக்கும் கடல்நீரோடு அதே அளவு இந்தக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். தூரிகையால் தொட்டும் அசையவில்லை என்றால் தளர்ந்துவிட்டது. அதன் பிறகே பதப்படுத்த வேண்டும். உடலமைப்பைப் பார்ப்பதற்கு, கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. ஓரிரு நாள் கழித்துக் கழுவி 70% எத்தனாலுக்கு மாற்றுங்கள். டிஎன்ஏ ஆய்வுக்கானால் நேராக 95% எத்தனால். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். ஆய்வகத்தில், புகைபோக்கி அறைக்குள், அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் மட்டும் கையாளுங்கள்.

படி 6: பாலிகீட்டின் குடும்பம்

தலையிலிருந்து தொடங்குங்கள். நெரிஸின் குடும்பமான நெரிடிடேயை எடுத்துக்கொள்வோம். தலை நுனியில் இரண்டு சிறிய உணர்கொம்புகள். அவற்றின் இருபுறமும் நுனியில் குமிழ் வைத்த பால்ப்பு எனப்படும் இரண்டு தடித்த உணர் உறுப்புகள். மேலே நான்கு கண்கள். பின்னால் பெரும்பாலும் நான்கு இணை மீசைபோன்ற இழைகள். மயக்கம் சரியாக அமைந்திருந்தால் தொண்டை வெளியே பிதுங்கியிருக்கும். அதன் நுனியில் அரிவாள்போல வளைந்த இரண்டு தாடைகள் தெரியும். தொண்டைப் பரப்பில் கருஞ்சிவப்புப் புள்ளிகளாய்ச் சிதறியிருப்பவை நுண்பற்கள். பின்னாளில் சிற்றினத்தைப் பிரிக்க அந்தப் பற்களின் அடுக்குத்தான் உதவும். மயக்காமல் கொன்றால் தொண்டை உள்ளேயே நின்றுவிடலாம். பிறகு கீறித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, நடு உடலிலிருந்து ஒரு பக்கக்காலை வெட்டி, கிளிசரினில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். மேல் கிளை, கீழ்க் கிளை என இரண்டும், ஒவ்வொன்றுக்குள்ளும் தூண்போல ஒரு கருங்கம்பியும் தெரியும். சீட்டாக்கள் மூட்டு வைத்தவை.

மற்றக் குடும்பங்களுக்கும் இதே வழிதான். பெரிய தொண்டையும் நான்கு தாடைகளும் உள்ளது கிளிசெரிடே. முதுகில் செதில் அடுக்கியது பாலினாய்டே. செதில்கள் எளிதில் உதிரும் என்பதால் அவை ஒட்டியிருந்த மேடுகளையும் தேடுங்கள். தலையில் இரண்டு நீண்ட இழை மட்டும் தனித்துத் தெரிந்தால் ஸ்பியோனிடே. விசிறி விரித்த குழாய்ப்புழுவானால் குழாயைத் தொட்டுப் பாருங்கள்: கெட்டியான வெண் சுண்ணாம்பானால் செர்புலிடே, வளைந்துகொடுக்கும் சேற்றுக் குழாயானால் பெரும்பாலும் சபெல்லிடே. செர்புலிடேயில் பலவற்றுக்குக் குழாயை அடைக்கும் மூடியும் உண்டு.

படி 7: பெயரும் சீட்டும்

உறுதியான நிலை வரை மட்டும் எழுதுங்கள். நெரிடிடே வரைதான் தெரியும் என்றால் அதுவே நல்ல பதிவு. அதனடியில் எந்த அடையாளங்களைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும், ஏனெனில் பெயர்கள் மாறுகின்றன. கடலைப்புழுவும் கரண்டிப்புழுவும் நெடுங்காலம் தனித் தொகுதிகளாக இருந்தன. மரபணு ஆய்வுகளுக்குப் பின், கண்டங்கள் தெரியாவிட்டாலும் வளைத்தசைப்புழுக்களுக்குள்ளேயே வைக்கப்படுகின்றன. மாசுபட்ட சேற்றின் அடையாளமாகச் சொல்லப்படும் காபிடெல்லா காபிடேட்டா ஒரே சிற்றினம் என்றே கருதப்பட்டது. 1976-இல் வெளியான ஆய்வு அந்தப் பெயருக்குள் ஆறு சிற்றினங்கள் இருப்பதைக் காட்டியது. அடையாளக் குறிப்போடு உள்ள பழைய மாதிரியை இன்றும் எடுத்துச் சரிபார்க்கலாம்.

தேதி, இடம், ஆழம், அடித்தரையின் தன்மை, சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைத் தடித்த தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டில் எத்தனால் பட்டால் பேனா மை கரைந்துவிடும்.