தொட்டிச் சேற்றை வாழைப் பாத்திக்கு விடுங்கள்

முற்றத்துத் தாமரைத் தொட்டியின் அடிச்சேற்றை வாளியால் அள்ளாமல், 1 அங்குல ஹோஸ் பைப்பால் வாழைப் பாத்திக்கே இழுத்துவிடுங்கள். ஊறிக் கிடக்கும் இலைகளை முதலில் வலையால் எடுத்துவிட வேண்டும். பைப் அடைபடுவது பெரும்பாலும் அவற்றால்தான். பைப் முழுவதையும் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். ஒரு முனையைக் கையால் இறுகப் பொத்தி வெளியே எடுத்து, தாழ்வான இடத்தில் திறந்தால் ஓடத் தொடங்கும். வாயால் உறிஞ்சவே வேண்டாம். உள்முனையைச் சேற்றின்மேல் மெல்ல மெல்ல நகர்த்துங்கள்.

அள்ளும்போது சேறு கலங்கி, அதற்குள் அடைபட்ட கெட்ட வாயு கிளம்பும். ஒட்சிசன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். சேற்றை அது கிடந்த இடத்திலேயே பைப் இழுப்பதால் கலங்கல் குறைவு. மீன் இருந்தால் ஒரே தடவையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தண்ணீரை இறக்காதீர்கள். அண்மையில் குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணீரால் நிரப்பவும் கூடாது.

நிலத்துக்குள் வெட்டிய குளத்துக்கு இது சரிவராது. யாழ்ப்பாணத்துத் தட்டை நிலத்தில் தண்ணீர் மட்டத்தைவிடத் தாழ்வான இடம் வளவுக்குள் கிடைப்பது அரிது; அதற்கு அழுக்குநீர் மோட்டர்தான் வேண்டும். மீன் நோய்க்காக உப்புப் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.