வெடிக்கும் விண்மீனைக் கொண்டு தொலைவை அளப்பது எப்படி?

சூப்பர்நோவாவின் தொலைவைத் தரும் சூத்திரம் ஒரே வரிதான். அதில் இடவேண்டிய எண்களைப் பெறுவதில்தான் உழைப்பெல்லாம் அடங்கியிருக்கிறது. 2011 ஆகஸ்ட் 24 அன்று எம்101 விண்மீன் மண்டலத்தில் கண்டறியப்பட்ட எஸ்என் 2011எஃப்இ என்ற சூப்பர்நோவாவைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் நிறமாலையைப் பதிவு செய்து, வெடிப்பின் வகையை உறுதிப்படுத்த வேண்டும். ஹைட்ரஜன் கோடுகள் இல்லாமல், 615 நானோமீட்டர் அருகே சிலிக்கானின் அகன்ற கருங்கோடு தென்பட்டால், அது ஐஏ வகை, அதாவது வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் அடர்ந்த எச்சம்) ஒன்று சிதறிய வெடிப்பு. வெண்குறுமீன் தாங்கக்கூடிய உச்ச நிறையான சந்திரசேகர் எல்லையில், அதாவது சூரியனைப் போல் 1.4 மடங்கு நிறையில், வெடிப்பதால் இவை யாவும் ஒரே பிரகாசம் உடையவை என்று பாடநூல்கள் எழுதிவிடுகின்றன. உண்மையில் அவற்றின் பிரகாசம் கணிசமாக வேறுபடுகிறது.

அந்த வேறுபாட்டைச் சரிசெய்யவே ஒளிவளைவு, அதாவது நாளுக்கு நாள் பிரகாசம் மாறுவதைக் காட்டும் வரைபடம், தேவைப்படுகிறது. நீல வடிகட்டியில் உச்சத்துக்கு முன்பிருந்தே அளக்கத் தொடங்கி, உச்சத்திலிருந்து 15 நாளில் எவ்வளவு மங்குகிறது என்று குறிக்க வேண்டும். மெதுவாக மங்குபவை இயல்பிலேயே கூடுதல் பிரகாசமானவை என்பதை மார்க் பிலிப்ஸ் 1993-இல் காட்டினார். நாம் எடுத்துக்கொண்ட சூப்பர்நோவா உச்சத்தில் சுமார் 9.9 பொலிவெண்ணை (பிரகாசத்தின் அளவு; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) எட்டி, 15 நாளில் ஏறத்தாழ 1.1 அளவு மங்கியது. இவ்வாறு மங்குபவற்றின் தனிப்பொலிவெண், அதாவது 10 பார்செக் (சுமார் 32.6 ஒளியாண்டு) தொலைவில் இருந்தால் தெரியக்கூடிய பொலிவெண், சுமார் −19.2. வழியிலுள்ள தூசி ஒளியைச் சிவப்பாக்கி மங்கச் செய்வதால், நிறத்தையும் அளந்து திருத்த வேண்டும். இங்கே அத்திருத்தம் மிகச் சிறியது.

இனிக் கணக்கு எளிது. இரண்டு பொலிவெண்களுக்கும் இடையிலான வேறுபாடு 29.1; அதனுடன் 5 கூட்டி 5-ஆல் வகுத்தால் 6.82, பத்தின் அந்த அடுக்கு ஏறத்தாழ 66 லட்சம் பார்செக், அதாவது சுமார் 2.15 கோடி ஒளியாண்டு. பொலிவெண்ணில் 0.1 பிழை நேர்ந்தால் தொலைவு ஏறத்தாழ 5 விழுக்காடு மாறிவிடும்.

−19.2 என்ற எண்ணே செஃபீடு விண்மீன்களால் (துடிப்பின் கால அளவைக் கொண்டு உண்மைப் பிரகாசத்தை அறியத்தக்க விண்மீன்கள்) தொலைவு அறியப்பட்ட அண்மை மண்டலங்களிலிருந்து பெறப்பட்டது. எம்101-உம் அவற்றுள் ஒன்று என்பதால், இங்கே விடை பொருந்துவதில் வியப்பில்லை. முறையின் உண்மையான பயன் செஃபீடுகள் புலப்படாத தொலைவுகளில்தான். அங்கே செந்நகர்ச்சியையும், அதாவது பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீள்வதையும், கணக்கில் கொள்ள வேண்டும்: அது 0.5 எனில், 15 நாள் மங்கல் நமக்கு 22.5 நாளாக நீண்டு தெரியும். நீல ஒளி சிவப்பு வடிகட்டியில் வந்து விழும்.