மலையகத்து மின்வெட்டும் சேர்வரின் கடிகாரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் இடி முழங்கினால் முதலில் போவது மின்சாரம். கடைசியாகத் திரும்புவது இணையம். ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில் ஓடும் வீட்டுச் சேர்வர் தடுமாறுவது இந்த இடைவெளியில்தான். பை 4 வரையான பலகைகளில் பற்றறிக் கடிகாரம் கிடையாது. (2023இல் வந்த பை 5இல் உண்டு, பற்றறியை மட்டும் தனியே வாங்க வேண்டும்.) இணையத்தில் நேரம் கேட்கும்வரை, கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே அது எண்ணத் தொடங்கும். ஒருமுறை இரவெல்லாம் மின்சாரம் இல்லை. காலையில் எழுந்த என் சேர்வர் இன்னும் நேற்றைய மாலை என்றே நம்பி, நள்ளிரவுக் காப்புப் பிரதியை நண்பகலில் எடுத்தது.

அதற்குப் பரிகாரமாக, பற்றறியில் ஓடும் மலிவான டிஎஸ்1307 கடிகார மொடியூலை வாங்குவது முதல் தவறு. துடித்து நேரத்தை எண்ணும் அதன் படிகம் 25 பாகை செல்சியஸை ஒட்டித்தான் சரியாகத் துடிக்கும். நுவரெலியாவின் 10 பாகை இரவில், குளிரால் மட்டுமே நாளுக்கு அரை விநாடிக்கு மேல் பின்தங்கும். டிஎஸ்3231 என்ற இன்னொரு கடிகார மொடியூல் வெப்பநிலையை அளந்து தன்னையே திருத்திக்கொள்ளும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடப் பிழைதான்.

பெரிய ஆபத்து பற்றறியில் இருக்கிறது. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நீல நிற டிஎஸ்3231 பலகையில் மின்னேற்றும் சுற்று ஒன்று உண்டு. பலகைக்கு 5 வோல்ட் கொடுத்து, மின்னேற்றக் கூடாத சிஆர்2032 வில்லையைப் போட்டால் அது வீங்கலாம், கசியலாம். டயோடை அடுத்துள்ள சின்னஞ்சிறு மின்தடையைக் கழற்றிவிட்டு, 3.3 வோல்ட்டில் இணையுங்கள். 5 வோல்ட் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தரவுக் கம்பிகளும் அதே மின்னழுத்தத்துக்கு இழுக்கப்படும், பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்குபவை அல்ல. மூடுபனி வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடும் ஊரில் பலகையை ஒரு பெட்டிக்குள் வைப்பதும் நல்லது.

மென்பொருளில் நடக்கும் தவறு எளியது, ஆனால் நெடுநாள் கண்ணில் படாது. கட்டமைப்புக் கோப்பில் டிஎஸ்3231ஐச் சேர்த்தபின், கடைசி நேரத்தைக் குறித்துவைக்கும் பழைய போலிக் கடிகார நிரலை (fake-hwclock) நீக்க மறந்துவிடுகிறோம். மொடியூலைப் பையோடு இணைக்கும் ஐ2சி தரவுக் கம்பிகளில் என்ன இருக்கிறது என்று தேடும்போது (i2cdetect) 68 என்ற எண் தெரிந்தால் மொடியூல் இருக்கிறது, ஆனால் கணினி அதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் 'யூயூ' (UU) என்று வர வேண்டும்.

கடிகாரத்தில் கொழும்பு நேரத்தை எழுதாதீர்கள். உலகப் பொதுநேரத்தை எழுதி, ஐந்தரை மணியைக் கூட்டும் வேலையை இயங்குதளத்திடம் விடுங்கள். இல்லாவிட்டால் அது இன்னொரு தடவை கூட்டிவிடும். இந்த நாடு 1996இல் நேரத்தை முன்னே தள்ளி, 2006இல் மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்ததை நாம் மறந்திருக்கலாம். இயங்குதளத்தின் நேரவலயப் பட்டியல் மறக்கவில்லை.

இணையம் இருக்கும்போதே சோதித்துத் திருப்தியடைவதுதான் நான் செய்த தவறு. சரியான நேரம் வந்தது இணையத்திலிருந்தா, மொடியூலிலிருந்தா என்று அப்போது தெரியாது. ரௌட்டர் கம்பியைக் கழற்றி, சேர்வரை நிறுத்தி, மின்சாரத்தையும் துண்டித்து ஒரு மணிநேரம் விடுங்கள். பின்பு இணையம் இல்லாமலேயே இயக்கி, கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள்.