வான் பாதுகாப்பு வாங்கும் செய்தியைப் படிப்பது எப்படி?

ஒரு நாடு வான் பாதுகாப்பு அமைப்பு வாங்குகிறது என்று செய்தி வந்தால் முதலில் கண்ணில் படுவது தூரம். "400 கிலோமீட்டருக்கு அப்பாலேயே எதிரி விமானத்தை வீழ்த்தும்" என்பார்கள். அடுத்தது விலை. இந்த இரண்டையும் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு மற்றதைப் படிக்கப் பழகுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

நான் விமானப்படையில் ரேடார் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். அக்னிவீர் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் படிக்கிற பிள்ளைகள் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டைக்குப் பிறகு அவர்கள் கேட்பதெல்லாம் ஏவுகணை, ட்ரோன், ரஷ்யாவிடம் நாம் வாங்கிய எஸ்-400 வான் பாதுகாப்பு அமைப்பு பற்றித்தான். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே இங்கேயும் எழுதுகிறேன். கையில் ஒரு பேனாவும் பேப்பரும் இருந்தால் நல்லது.

எந்தக் கட்டத்துச் செய்தி?

தலைப்பில் 'வாங்குகிறது' என்று இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அது பேச்சுவார்த்தையாக இருக்கலாம், ஒப்புதலாக இருக்கலாம், ஒப்பந்தமாகவும் இருக்கலாம். அமெரிக்கா பெரிய தொகைக்கு ஓர் ஆயுதத்தை வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் தன் நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பில் இருக்கும் தொகை அதிகபட்ச மதிப்பீடு, பேசி முடித்த விலை அல்ல. ஆனால் மறுநாள் பேப்பரில் 'வாங்கியாச்சு' என்ற தோரணையில் வந்துவிடும்.

நம் எஸ்-400 கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 அக்டோபரில் கோவாவில் இரு அரசுகளும் உடன்பாடு செய்தன. 2018 அக்டோபரில் ஒப்பந்தம்: ஐந்து தொகுதிகள், 543 கோடி டாலர். முதல் தொகுதி வந்து இறங்கத் தொடங்கியது 2021 டிசம்பரில். நடுவில் உக்ரைன் போர் வந்தது, மீதி தள்ளிப்போனது. 2025 மே மாதம் நிஜமாகவே தேவைப்பட்டபோது நம் கையில் இருந்தவை மூன்று. சுவிட்சர்லாந்து பணக்கார நாடு. 2022-ல் அமெரிக்காவின் பேட்ரியாட் வான் பாதுகாப்பு அமைப்புகள் ஐந்துக்குக் கையெழுத்துப் போட்டது. 2025-ல் அமெரிக்கா, உக்ரைனுக்கு முன்னுரிமை தரவேண்டியிருக்கிறது, உங்களுக்குத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டது. பணம் இருந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். பக்கத்தில் சண்டை மூண்ட பிறகு வாங்கக் கிளம்பும் நாடு அந்த வரிசையின் வால் பக்கம்தான் நிற்கும்.

அதனால் பேப்பரில் மூன்று தேதிகளைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: கையெழுத்தான தேதி, முதல் தொகுதி வரும் தேதி, கடைசித் தொகுதி வரும் தேதி. மூன்றில் ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் செய்தி இன்னும் பச்சையாக இருக்கிறது என்று அர்த்தம்.

யாரிடம் வாங்குகிறார்கள் என்பதையும் பாருங்கள். துருக்கி ரஷ்யாவிடம் எஸ்-400 வாங்கியது. 2019 ஜூலையில் பொருள் வந்தது, அதே மாதம் எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து அமெரிக்கா அதை வெளியேற்றியது. 2020 டிசம்பரில் பொருளாதாரத் தடையும் வந்தது. ஆயுதத்தின் விலைப்பட்டியலில் இந்த நஷ்டமெல்லாம் வராது.

தூரக் கணக்கு

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் படித்தவர்களும் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

பூமி உருண்டை. ரேடார் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். ஆகவே தாழப் பறக்கும் பொருள் பூமியின் வளைவுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். இருட்டிய பிறகு எங்கள் மொட்டைமாடியில் ஏறி நின்றால் குன்றக்குடி மலைக்கோயில் விளக்கு தெரியும். அதே திசையில் ரோட்டில் வரும் டவுன் பஸ்ஸின் விளக்கு தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

கணக்காகப் போடலாம். ரேடார் ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலம், பறக்கும் பொருளின் உயரத்தின் வர்க்கமூலம், இரண்டையும் கூட்டி 4.12-ஆல் பெருக்குங்கள். எத்தனை கிலோமீட்டரில் அது கண்ணில் படத் தொடங்கும் என்பது வந்துவிடும்.

காரைக்குடியில் 16 மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனா இருப்பதாக வைத்துக்கொள்வோம். வர்க்கமூலம் 4. எதிரி விமானம் 10,000 மீட்டர் உயரத்தில் வந்தால் அதன் வர்க்கமூலம் 100. கூட்டினால் 104. பெருக்கினால் 428 கிலோமீட்டர். சென்னைக்கு மேலே பறக்கும்போதே இங்கிருந்து பார்த்துவிடலாம். சரி, அதே இடத்தில் 25 மீட்டர் உயரத்தில், அதாவது பனைமரத்தை ஒட்டிப் பறந்தபடி ஒரு க்ரூஸ் ஏவுகணை வருகிறது. வர்க்கமூலம் 5. 4-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 9. பெருக்கினால் 37 கிலோமீட்டர். ஏறக்குறைய புதுக்கோட்டைக்கு வந்த பிறகுதான் அது நம் ரேடாரில் தெரியும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 15. நமக்கு இருப்பது இரண்டரை நிமிடம். அதற்குள் பார்த்து, யாருடையது என்று தெரிந்து, உத்தரவு வாங்கி, சுட்டு, நடுவானில் அடிக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் ஒரு பையன், "அப்ப அந்த 400 கிலோமீட்டர் பொய்யா சார்?" என்றான். பொய் இல்லை தம்பி. உயரத்தில் வரும் பெரிய விமானத்துக்கு அது உண்மை. எரிபொருள் நிரப்பும் விமானம், உளவு விமானம் எல்லாம் கிட்டே வரப் பயப்படும். அதுவே பெரிய லாபம். தாழ வருவதற்கு வேறு கண் வேண்டும்.

அந்தக் கண் ஆகாயத்தில் இருக்க வேண்டும். ஆகவே செய்தியில் ஏவுகணையோடு கூட ரேடார் விமானமோ, கயிறு கட்டிப் பறக்கவிடும் ராட்சத ரேடார் பலூனோ வாங்குகிறார்களா என்று பாருங்கள். நம்மிடம் ஃபால்கன் ரேடார் சுமக்கும் விமானங்கள் 2009 முதல் உண்டு, நேத்ரா நாமே செய்தது. போலந்து 2023-ல் இரண்டு ஸாப் ரேடார் விமானங்கள் வாங்கியது, 2024-ல் ரேடார் பலூன்களுக்கும் ஒப்பந்தம் போட்டது. அந்த நாடு விஷயம் தெரிந்து வாங்குகிறது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

எத்தனை அடுக்கு?

போலந்தையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். உக்ரைன் எல்லை, ரஷ்யாவின் கலினின்கிராட், பெலாரூஸ் என்று மூன்று பக்கம் கவலை அவர்களுக்கு. மேல் அடுக்குக்கு பேட்ரியாட், நடுவில் பிரிட்டனின் காம் ஏவுகணை, கீழே 23 மில்லிமீட்டர் பீரங்கியும் தோளில் வைத்துச் சுடும் வகைச் சிறிய ஏவுகணையும் சேர்ந்த பிலிட்சா. மூன்றையும் இணைக்கும் கட்டளை அமைப்பும் தனியாக வாங்கியிருக்கிறார்கள். எந்த ரேடார் பார்த்தாலும் எந்த லாஞ்சரும், அதாவது ஏவுகணை ஏவும் வண்டியும், சுடலாம் என்பதுதான் அதன் நோக்கம். நம் விமானப்படையில் இந்த வேலையை ஐஏசிசிஎஸ் செய்கிறது, தரைப்படையில் ஆகாஷ்தீர். இந்த இணைப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத செய்தியை நான் அரைச் செய்தி என்றே கருதுவேன்.

அடுக்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சவூதி அரேபியா சாட்சி. 2019 செப்டம்பர் 14 அன்று அப்கைக் எண்ணெய் ஆலைமீது ட்ரோன்களும் க்ரூஸ் ஏவுகணைகளும் தாழப் பறந்து வந்து விழுந்தன. விலையுயர்ந்த பேட்ரியாட் வைத்திருந்த நாடு அது. பழைய பேட்ரியாட் ரேடார் ஒரு பக்கமாகத்தான் பார்க்கும், முதுகுப்பக்கம் தெரியாது. அந்த ஒரு காலையில் நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் பாதி, நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய், நின்றுபோனது.

ஏவுகணையை எண்ணுங்கள்

லாஞ்சர் எத்தனை என்று எல்லாரும் எழுதுவார்கள். ஏவுகணை எத்தனை என்பதுதான் கேள்வி. 2018-ல் போலந்து போட்ட முதல் ஒப்பந்தம் 475 கோடி டாலர். அதில் 16 லாஞ்சர்கள், பேட்ரியாட் சுடும் பேக்-3 ஏவுகணைகள் 208. ஒரு லாஞ்சரில் 12 ஏவுகணை ஏற்றலாம். 16-ஐ 12-ஆல் பெருக்கினால் 192. அதாவது எல்லா லாஞ்சரையும் ஒருமுறை நிரப்பினால் மிச்சம் இருப்பது 16. உயரே போய் வளைந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணை ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடுவது வழக்கம் என்பதால் மொத்தக் கையிருப்பும் 104 தாக்குதலுக்குத்தான் காணும். இது போதாது என்று அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் 2023-ல் இன்னும் ஆறு பேட்டரிகளுக்கு (ரேடாரும் லாஞ்சர்களும் சேர்ந்த தொகுதி) ஒப்பந்தம் போட்டார்கள்.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பரில் ஓர் இரவில் மட்டும் உக்ரைன்மீது 800-க்கு மேற்பட்ட ட்ரோன்கள் ஏவப்பட்டன. ஷாஹெட் வகை ட்ரோன் ஒன்று சில பத்தாயிரம் டாலர், பேக்-3 ஒன்று ஏறக்குறைய 40 லட்சம் டாலர். அதே மாதம் 10-ஆம் தேதி ரஷ்ய ட்ரோன்கள் போலந்துக்குள் நுழைந்தபோது எஃப்-16, எஃப்-35 போர் விமானங்களை அனுப்பி விரட்டினார்கள். வீழ்த்தினார்கள், நல்லது. ஆனால் தினமும் இப்படிச் செய்தால் கஜானா தாங்காது.

இதனால்தான் பழைய பீரங்கிகளை நான் மதிக்கிறேன். 2025 மே 8 இரவு 36 இடங்களில் 300 முதல் 400 ட்ரோன்கள் வரை வந்ததாக நம் அரசு சொன்னது. அவற்றை எதிர்த்தவற்றில் எல்-70 பீரங்கியும் ஒன்று. என் வயதுக்காரர்கள் இளமையில் பார்த்த துப்பாக்கி அது, ரேடாரும் கேமராவும் பொருத்திப் புதுப்பித்திருக்கிறார்கள். ஒரு நாடு பெரிய ஏவுகணையோடு பீரங்கியும், ட்ரோனின் சிக்னலைக் குழப்பும் ஜாமரும் சேர்த்து வாங்கினால் அது உண்மையில் சண்டைக்குத் தயாராகிறது என்று கொள்ளலாம்.

சுடக்கூடாததைச் சுடாமல் இருப்பது

செய்திகளில் இது வரவே வராது. ஆனால் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது.

2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீரில் பட்காம் அருகே நம் ஏவுகணையே நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேர், தரையில் இருந்த பொதுமக்களில் ஒருவர் போய்விட்டார்கள். 2020 ஜனவரியில் தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரானின் சொந்த வான் பாதுகாப்பே சுட்டது, 176 பேர். 2014-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த மலேசிய விமானத்தை உக்ரைன் வானில் பக் ஏவுகணை வீழ்த்தியது, 298 பேர். செட்டிநாட்டில் மலேசியாவில் உறவு இல்லாத தெரு இல்லை. அந்த விமானச் செய்தி வந்த இரவு இங்கே எத்தனை வீட்டில் போன் அடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனவே நம்மவனா எதிரியா என்று அடையாளம் காணும் கருவி புதிய அமைப்போடு பொருந்துகிறதா, இயக்குபவர்களுக்கு எத்தனை மாதப் பயிற்சி, பராமரிப்பு ஒப்பந்தம் உண்டா என்று தேடுங்கள். பராமரிப்பு சின்ன விஷயம் அல்ல. வளைகுடாப் போரில், 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதியின் தஹ்ரானில் ஒரு பேட்ரியாட் 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடியதில் அதன் கடிகாரக் கணக்கு 0.34 விநாடி பிசகியிருந்தது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பிழையைச் சரிசெய்யும் மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது.

தரையில் இருப்பவர்கள்

எந்த அமைப்பும் நூற்றுக்கு நூறு தடுக்காது. ஆகவே சைரன், பதுங்கிடம், ஒத்திகை பற்றி அந்த நாடு ஏதாவது செய்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் ஐயா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் வந்தபோது ஜனங்கள் ஓடி ஒளியாமல் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள் என்பார். குண்டு என்றால் என்ன என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். பிழைத்தவர்கள் நடந்தே ஊருக்குக் கிளம்பினார்கள். 2025 மே 7 அன்று நாடு முழுக்க ஒத்திகை நடந்தபோது தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடத்தினார்கள். நம் பக்கத்து ஊர்களிலும் நடத்த வேண்டும் என்று நான் கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுதியிருக்கிறேன், நீங்களும் எழுதலாம்.

இதையெல்லாம் எங்கே தேடுவது? பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் அறிக்கை, நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழு அறிக்கை, தணிக்கைத் துறை அறிக்கை மூன்றும் இலவசமாகக் கிடைக்கும். வெளிநாட்டு விற்பனைக்கு ஸ்டாக்ஹோமில் இருக்கும் சிப்ரி நிறுவனத்தின் ஆயுதப் பரிமாற்றப் பட்டியல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவை ஆதாரமாக எடுக்காதீர்கள். நீங்களாக ஒன்றும் அனுப்பவும் செய்யாதீர்கள்: ரோட்டில் ராணுவ லாரி லாஞ்சரோடு போவதைப் பார்த்தால், எவ்வளவு பெருமையாக இருந்தாலும், படம் எடுத்து ஊர் பெயரோடு போடக்கூடாது. அது எங்கே நிற்கிறது என்பதைத்தான் எதிரி முதலில் தேடுவான்.