மாவு புளிக்கிற வரிசையில் ஒரு வார ராத்திரிச் சாப்பாடு

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், அத்தை, பத்தாவது படிக்கும் பையன், ஆறாவது படிக்கும் பெண். மதுரையில் வாடகை வீடு. வாடகை, பிள்ளைகள் படிப்பு, அத்தையின் சர்க்கரை மாத்திரை எல்லாம் எடுத்து வைத்த பிறகு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாரம் 600 ரூபாய் ஒதுக்குகிறேன். கேஸ் இதில் சேராது.

மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய யோசனை வேண்டாம். சோறு, ஒரு குழம்பு, ஒரு காய் என்று அது பாட்டுக்கு ஓடிவிடும். கையைக் கடிப்பது ராத்திரிதான். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது ஒன்றுமே தயாராக இல்லையென்றால், யாராவது ஒருவர் பரோட்டாக் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஐந்து பேருக்கு 15 பரோட்டா, இரண்டு ஆம்லெட் என்று வாங்கினாலே 300 ரூபாயை நெருங்கிவிடும். வாரப் பணத்தில் பாதி ஒரே ராத்திரியில் காலி. ஆகவே ஏழு மணிக்கு நான் செய்ய வேண்டிய வேலை அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். என் திட்டம் முழுக்க அதற்காகத்தான்.

திட்டத்தைத் தினசரிக் காலண்டரிலிருந்து தொடங்குங்கள். கடைக்குப் போவதெல்லாம் அப்புறம். அமாவாசை என்றைக்கு, கிருத்திகை என்றைக்கு, பையனுக்குப் பரீட்சை என்றைக்கு என்று முதலில் பார்த்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் முட்டை கூடக் கிடையாது. இதைப் பார்க்காமல் வியாழனுக்கு முட்டைக் குழம்பு என்று எழுதி வைத்து, அன்றைக்கு அமாவாசை வந்துவிட்டால் புதிதாக ஒரு சமையலுக்குப் பொருள் தேட வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் வாங்குவது எப்போதுமே விலை கூடுதல்.

அடுத்தது மாவு. வாரத்தில் மூன்று ராத்திரிகளை ஒரே மாவில் ஓட்டலாம். அதற்கு மாவு புளிக்கிற வரிசையிலேயே சமையலை வைக்க வேண்டும். முதல் நாள் மாவு இட்லிக்கு, இரண்டாம் நாள் மாவு தோசைக்கு, மூன்றாம் நாள் மாவு பணியாரத்துக்கு. இந்த வரிசையை மாற்றினால் இட்லி கல்லாகும், இல்லையென்றால் மீந்த மாவு சாக்கடைக்குப் போகும்.

ஒரு கிலோ ரேஷன் புழுங்கல் அரிசி, கால் கிலோ முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். இவ்வளவுதான் அளவு. எங்கள் பக்கம் உளுந்து கிலோ 140 ரூபாய் வாக்கில் விற்கிறது, அப்படியானால் கால் கிலோ 35 ரூபாய். அரிசி ரேஷனில் இலவசம். இதில் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு கிடைக்கும். கடையில் பாக்கெட் மாவு கிலோ 50 ரூபாய்க்குக் குறையாது. மூன்று கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரேஷன் அரிசியில் இட்லி வராது என்பவர்கள் பெரும்பாலும் ஊறவைப்பதில் அவசரப்படுகிறார்கள். நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள், வாடை போய்விடும். ஆறு மணி நேரம் ஊற விடுங்கள். உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். உளுந்து அரைக்கும்போது தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் விட வேண்டும். ஒரு துளி மாவைக் கிண்ணத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரசாங்கம் கொடுத்த விலையில்லா கிரைண்டரில்தான் இன்றைக்கும் அரைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேஷன் அரிசியைக் கழுவும்போது சில மணிகள் வேறு நிறத்தில் தெரியும், மிதக்கவும் செய்யும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கிப் போடுகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அது செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துத் தயாரித்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலந்தது. சத்தைக் காசு கொடுத்து மாத்திரையாக வாங்குகிற நாம் இதைக் குப்பையில் கொட்டக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் அரைத்து வைத்தால் ஞாயிறு காலை பொங்கியிருக்கும். சித்திரை, வைகாசியில் ஆறேழு மணி நேரத்திலேயே பொங்கி வழியும், அந்த மாதங்களில் உப்பைக் காலையில் போட்டால் புளிப்பு மட்டுப்படும். மார்கழி, தையில் உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். பொங்கியதும் மூன்று பாத்திரங்களாகப் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். ஒரே பாத்திரத்தில் வைத்துத் தினமும் வெளியே எடுத்துக் கரண்டி விட்டால் மூன்றாம் நாளுக்குத் தாங்காது. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மூன்று ராத்திரி ஓடுவதும் இரண்டோடு நிற்பதும் இதைப் பொறுத்துத்தான்.

சரி, இனி வாரம்.

ஞாயிறு மதியம் கோழிக் குழம்பு வைத்தால் பரிமாறும் முன்பே ஒரு சொம்பு குழம்பை ராத்திரிக்கு எடுத்து வைத்துவிடுங்கள். பரிமாறி முடித்து மிஞ்சுவதை எடுக்கலாம் என்று இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. ராத்திரி இருபது இட்லி, அந்தக் குழம்பு, அத்தைக்கு மட்டும் கொஞ்சம் தேங்காய்ச் சட்னி. செலவு 30 ரூபாய்க்குள் முடியும். திங்கள் தோசை, தக்காளி வெங்காயச் சட்னி. எண்ணெயோடு சேர்த்து 60 ரூபாய்.

செவ்வாய்க்கிழமைதான் எனக்குப் பிடித்த ராத்திரி. மாவு நன்றாகப் புளித்திருக்கும். கடுகு, கடலைப் பருப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாளித்து மாவில் கொட்டிக் கலந்து பணியாரக் கல்லில் ஊற்றினால், அந்தப் புளிப்பே ருசியாகிவிடும். புளிப்பு தூக்கலாகத் தெரிந்தால் இரண்டு கரண்டி அரிசி மாவோ ரவையோ சேர்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சட்னி, தேங்காய் விற்கிற விலைக்கு அதுதான் கட்டுப்படியாகிறது. சட்னிக்கு ஒரு கைப்பிடி கடலையும் இரண்டு வற்றல் மிளகாயும் கொஞ்சம் புளியும் போதும். அன்றைக்கும் 60 ரூபாய்தான்.

புதன் சப்பாத்தி, மூக்கடலை (கொண்டைக்கடலை) குருமா. கால் கிலோ கடலையைக் காலையிலேயே ஊறப் போட மறக்காதீர்கள், ராத்திரி குக்கரில் ஐந்தாறு விசில் விட்டால் வெந்துவிடும். அரைக் கிலோ மாவு, கடலை, வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்த்து 95 ரூபாய் வரும். வாரத்திலேயே செலவு கூடிய ராத்திரி இதுதான், ஆனால் அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் புதன்கிழமைக் கடலையை நான் விடுவதில்லை.

வியாழன் சோறும் முட்டைக் குழம்பும். ஆளுக்கொரு முட்டை, பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டிரண்டு, ஆக ஏழு. நாமக்கல்லில் முட்டைக்குத் தினமும் விலை வைக்கிறார்கள், அது செய்தித்தாளில் வரும். விலை இறங்கிய வாரத்தில் ஒரு தட்டாக வாங்கினால் லாபம். முட்டையை வேகவைத்துப் போடுவதைவிட, கொதிக்கிற குழம்பில் உடைத்து ஊற்றினால் கேஸும் மிச்சம், குழம்பும் ருசி. ஒவ்வொன்றாக ஊற்றி, கிண்டாமல் மூடி வையுங்கள். 85 ரூபாய்.

வெள்ளி அடை. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கடலைப் பருப்பு, ஒரு பங்கு துவரம் பருப்பு, ஒரு கைப்பிடி உளுந்து. வற்றல் மிளகாய், சோம்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் புளிக்க வைக்கவே வேண்டாம், உடனே சுடலாம். முருங்கைக் கீரை போட்டால் பிரமாதமாக இருக்கும்தான், ஆனால் ராத்திரியில் கீரை தொடக் கூடாது என்பது அத்தையின் கட்டளை. அதனால் முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கிப் போடுகிறேன். தொட்டுக்கொள்ள வெல்லம். 70 ரூபாய். சனிக்கிழமை, வாரம் முழுக்க மிஞ்சிய அரை கேரட், நாலு பீன்ஸ், ஒரு உருளைக்கிழங்கு எல்லாம் ரவை கிச்சடிக்குள் போய்விடும், 75 ரூபாய். அன்றைக்குச் சாயங்காலமே அடுத்த வாரத்து மாவுக்குக் கிரைண்டர் ஓடும்.

எல்லாம் கூட்டினால் 475 ரூபாய். மீதி 125-இல் வாழைப்பழம் வாங்குவேன், கொஞ்சம் கேழ்வரகு வாங்குவேன், மிச்சத்தைக் கடுகு டப்பாவில் போடுவேன். மாசக் கடைசியில் அந்தக் காசில் எல்லோரும் கடைக்கே போய்ச் சூடாகப் பரோட்டா சாப்பிடுகிறோம். பிள்ளைகளிடம் அந்த நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நடுவில் யாரும் கேட்பதில்லை.

காய்கறிக்கு ஞாயிறு காலை அண்ணா நகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே இதுதான், 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். முதலில் பலகையைப் படியுங்கள், அப்புறம் பட்டியலைத் திருத்துங்கள். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன பட்டியலைப் பிடித்துக்கொண்டு, விலை ஏறிய காயையே வாங்கக் கூடாது. குருமாவுக்குக் கேரட் இல்லாவிட்டால் முள்ளங்கி போட்டாலும் குருமாதான்.

ரேஷன் கடையில் அரிசியை வாங்குகிறவர்கள் பலர் மற்றதை விட்டுவிடுகிறார்கள். அரிசி கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியே அதே பருப்பு பல மடங்கு விலை. மாதத் தொடக்கத்திலேயே போய் வாங்கிவிடுவது நல்லது, கடைசி வாரத்தில் போனால் சரக்குத் தீர்ந்திருக்கும். பருப்பு மட்டும் வராத மாதத்தில் அடைக்குப் பாதி துவரையை எடுத்துவிட்டுப் பாசிப்பருப்பும் கொள்ளும் கலந்து போடுகிறேன். கொள்ளை மட்டும் இரண்டு மணி நேரம் முன்னதாக ஊறவைக்க வேண்டும்.

தக்காளி கிலோ நூறைத் தொடுகிற மாதங்கள் அவ்வப்போது வரும். அப்போது திங்கள்கிழமைச் சட்னியைக் கடலைப் பருப்பும் வற்றல் மிளகாயும் வறுத்து, புளி வைத்து அரைத்துவிடுங்கள். முட்டைக் குழம்பையும் முழுக்கப் புளியிலேயே வைக்கலாம். குருமாவுக்கு இரண்டு கரண்டி புளித்த தயிர் போதும், அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள், கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும்.