மாற்றியமைத்த காருக்கு இசியு தேர்ந்தெடுப்பது எப்படி

எரிபொருளையும் இக்னிஷனையும் கட்டுப்படுத்தும் எஞ்சின் கணினிதான் இசியு (ECU). பெங்களூரு ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே நின்று "எந்த இசியு நல்லது?" என்று கேட்டால், ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் ஹால்டெக் என்பார் ஒருவர். நியூசிலாந்தின் லிங்க் என்பார் இன்னொருவர். மோட்டெக்கைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்பார் மூன்றாமவர். உங்கள் எஞ்சினுக்கு என்னென்ன தேவை, அதை இந்த ஊரில் யார் ட்யூன் செய்யப்போகிறார் (இசியுவின் அளவுகளை எஞ்சினுக்கேற்ப அமைக்கப்போகிறார்) என்ற இரண்டும் தெளிவானால், பெட்டியின் பெயர் பெரும்பாலும் தானே முடிவாகிவிடும் என்பது என் கருத்து.

கம்பெனி இசியுவுக்குப் பதிலாகத் தனி இசியு தேவைதானா என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்டும் மட்டும் மாற்றிய காருக்கும், கம்பெனி டர்போவை அப்படியே வைத்திருக்கும் காருக்கும் ரீமேப்பே, அதாவது கம்பெனி இசியுவில் உள்ள அளவுகளைத் திருத்துவதே போதும். ஏசி, ஏபிஎஸ், மீட்டர் எதுவும் குழம்பாது. ஃபோக்ஸ்வாகனின் டிஎஸ்ஐ போல, சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: அதன் இன்ஜெக்டர்களைத் திறக்கப் பேட்டரியின் 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் தேவை, உயர் அழுத்த பம்பையும் இசியுவே கட்டுப்படுத்த வேண்டும், சந்தையில் கிடைக்கும் தனி இசியுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி கிடையாது. பழைய எஞ்சினில் டர்போ ஏற்றியவர்கள், எஞ்சினையே மாற்றியவர்கள், பெரிய கேம் ஷாஃப்ட் போட்டவர்கள் ஆகியோருக்கே தனி இசியு உண்மையில் பயன்படும்.

அடுத்து, ஒரு தாளை எடுத்து எஞ்சினில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். நான்கு இன்ஜெக்டர், நான்கு காயில் என்றாலே எட்டு அவுட்புட் போய்விடும். அதன்மேல் ஃபியூயல் பம்ப் ரிலே, ஃபேன், ஐடில் வால்வு, ஏசி ரிலே, பூஸ்ட் சொலினாய்டு எல்லாம் இருக்கின்றன. ஏசி போட்டவுடன் ஐடிலை (கார் நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகத்தை) உயர்த்த இசியுவுக்கு ஒரு இன்புட் வேண்டும். இதை மறந்தவர்களின் கார் சில்க் போர்டு சிக்னலில் மாலை ஏழு மணிக்கு அணைந்து நிற்கும். கிராங்க் சக்கரத்தில் 60-2 பல்லமைப்பா (60 பல்லுக்கான இடத்தில் இரண்டு இல்லாதது) 36-1 பல்லமைப்பா, சென்சார் ஹால் வகையா காந்தச்சுருள் வகையா என்பதையும் குறித்துக்கொண்டு, வாங்கப்போகும் இசியு அவற்றைப் படிக்குமா என்று பாருங்கள். எலெக்ட்ரானிக் த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கேபிளுக்குப் பதில் மோட்டாரால் திறந்து மூடும் வால்வு) இருந்தால், பெடலில் இரண்டும் த்ராட்டிலில் இரண்டுமாக உள்ள சென்சார்களை ஒப்பிட்டு, முரண்பட்டால் த்ராட்டிலை நிறுத்தும் பாதுகாப்பு இசியுவிலேயே இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று பின்களாவது மிச்சம் இருக்கட்டும். இன்று வேண்டாம் என்ற சென்சாரை நாளை நீங்களே கேட்பீர்கள்.

பெங்களூருக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது காற்றழுத்தம். இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். சென்னையில் அது 101. டர்போ இல்லாத எஞ்சினை இங்குள்ள டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவியில்) முழு த்ராட்டிலில் ஓட்டினாலும், மேப்பில், அதாவது எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு எரிபொருள் என்ற அட்டவணையில், 95, 100 கிலோபாஸ்கல் வரிசைகளை எஞ்சின் தொடவே தொடாது. அந்தக் காரை ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோனால், யாரும் சோதிக்காத அந்த வரிசைகளில்தான் முழு வேகத்தில் ஓடும். த்ராட்டில் கோணத்தை மட்டும் வைத்து எரிபொருளைக் கணக்கிடும் முறை என்றால் நிலைமை இன்னும் மோசம்: வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தனியே அளக்கும் சென்சார் இல்லாவிட்டால், கூடுதலாக வரும் சுமார் பத்து சதவீதக் காற்றுக்கு எரிபொருள் ஏறாது, கலவை மெலியும், பிஸ்டன் சூடாகும். ஆகவே பாரோ சென்சார் உள்ளேயே இருக்கிறதா, இல்லையெனில் வெளியே பொருத்த இன்புட் உண்டா என்று கேளுங்கள். மேல் வரிசைகளைக் கணித்து நிரப்பித் தரும்படி ட்யூனரிடமும் சொல்லிவையுங்கள்.

எரிபொருளும் அப்படித்தான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் (ஒரு பங்கு எரிபொருளுக்கு எத்தனை பங்கு காற்று, எடையில்), தூய பெட்ரோலுக்குரிய 14.7 அல்ல, அதைவிடக் குறைவு. அதனால் எக்ஸாஸ்டில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் பாஷ் எல்எஸ்யூ 4.9 போன்ற வைட்பேண்ட் சென்சாரின் அளவை லாம்டாவாக (எந்த எரிபொருளானாலும் சரியான கலவைக்கு 1 என்று காட்டும் அளவாக) படித்து, அதைக் கொண்டு எரிபொருளைத் திருத்திக்கொள்ளும் இசியுவைத் தேர்ந்தெடுங்கள். பெட்ரோல் பங்க்குக்கு பங்க் எத்தனால் அளவு மாறும் என்ற ஐயம் இருந்தால், அந்த அளவைச் சென்சாரிலிருந்து படிக்கும் ஃபிளெக்ஸ் ஃபியூயல் இன்புட்டும் பயன்படும். நாக் சென்சாரை (கலவை கட்டுமீறி வெடிக்கும் தட்டல் சத்தத்தை உணர்வது) இசியு தானே கவனித்து இக்னிஷனைப் பின்வாங்கச் செய்வது, டர்போ காருக்கு நான் கட்டாயம் என்று கருதும் வசதி.

ட்யூனர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். விலை குறைவு என்று ஒரு இசியுவைத் தருவித்தேன். அதன் மென்பொருளைத் தெரிந்தவர் இந்த ஊரில் ஒருவரும் அகப்படாமல் கார் நான்கு மாதம் கவர் போட்டு நின்றது. ஆகவே ட்யூனரை முதலில் பாருங்கள். அவர் அன்றாடம் பயன்படுத்தும் இரண்டு மூன்று இசியுக்களுக்குள் உங்கள் தாளில் உள்ளவை அடங்குவதை வாங்குங்கள். சாலிடர் பிடித்துப் பழகியவர்களுக்கு, ஆர்டுயினோ பலகையில் இயங்கும் ஸ்பீடுயினோ குறைந்த செலவில் நிறையக் கற்றுத்தரும். தினமும் அலுவலகம் போகும் காருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பட்ஜெட் போடும்போது ஹார்னஸ் (வயர் தொகுப்பு), சென்சார்கள், டைனோ கட்டணம், சுங்க வரி எல்லாவற்றையும் பெட்டியின் விலையோடு கூட்டுங்கள். நீர்புகாத உறை இல்லாத இசியு என்றால் அதன் இடம் டாஷ்போர்டுக்கு உள்ளேதான். பானெட்டுக்கு அடியில் அல்ல.

சட்டத்தையும் ஒதுக்கிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பந்தயத் தடத்துக்கு மட்டுமான காரை டிரெய்லரில் ஏற்றிச் செல்வதே முறை.

பணம் கொடுக்கும் முன் கடைசியாக ஒன்று: ட்யூன் முடிந்ததும் மேப் கோப்பைக் கடவுச்சொல் பூட்டு இல்லாமல் உங்கள் கையில் தருவாரா என்று ட்யூனரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தயங்கினால் வேறொருவரைத் தேடுங்கள்.