வௌவால் பார்க்கத் தொடங்குகிறீர்களா? முதலில் கண், பிறகு காது, கடைசியில் பெயர்

பறவை பார்ப்பவர்களில் பலர் வௌவால் என்றதும் ஒதுங்கிவிடுகிறார்கள். இருட்டில் பறக்கிறது, ஒரு நொடி நிற்பதில்லை, படமும் எடுக்க முடியாது என்பார்கள். இந்தியாவில் சுமார் 130 வகை வௌவால்கள் இருக்கின்றன. அவற்றில் தமிழ்நாட்டுச் சமவெளியில் வழக்கமாகக் கண்ணில் படுபவற்றைப் பிரித்தறிய வலையோ கூண்டோ தேவையில்லை. நான் செய்து பார்த்துப் பலன் கண்ட வரிசையில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடாதீர்கள். ரேபிஸ் ஒரு காரணம். 2018-ல் கோழிக்கோட்டில் பரவிய நிபா வைரஸ் இயற்கையில் தங்கியிருப்பது பழந்தின்னி வௌவால்களிடம்தான் என்பது இன்னொன்று. தள்ளி நின்று பார்ப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. தங்குமரத்துக்கு நேர் கீழே நிற்பது, கடித்துப் போட்ட பழத்தை எடுப்பது, விழுந்து கிடக்கும் குட்டியைத் தூக்குவது இவைதான் கூடாது.

படி 1: பகலில் தேடுங்கள்

ஆலமரத்திலோ மருதமரத்திலோ கூட்டமாகத் தொங்கினால் அது இந்தியப் பெரும் பழந்தின்னி. விரித்த இறக்கை ஒரு மீட்டரைத் தாண்டும். கோடை நடுப்பகலில் தொங்கியபடியே ஒரு இறக்கையால் தனக்குத்தானே விசிறிக்கொள்ளும். பைனாகுலர் இருந்தால் இந்த ஒரு காட்சிக்காகவே போகலாம்.

பனையின் காய்ந்த ஓலைகளுக்கிடையே குட்டிக் குட்டியாகக் கீச்சுச் சத்தம் கேட்டால் அங்கே மஞ்சள் வௌவாலோ பிப்பிஸ்ட்ரெல் வகையோ இருக்கலாம். இந்தச் சிறு வகைகளைத்தான் சில ஊர்களில் துரிஞ்சில் என்கிறார்கள். ஓலையை ஆட்டிப் பார்க்க வேண்டாம், அந்தி வரை பொறுத்தால் தானே வெளியே வரும்.

வௌவாலே கண்ணில் படாவிட்டாலும் தரையைப் பாருங்கள். சாறு உறிஞ்சித் துப்பிய நார்ச்சக்கை, வாதாங்கொட்டை, புன்னைக் கொட்டை ஒரே இடத்தில் குவிந்திருந்தால் மேலே பழந்தின்னி இரவில் வந்து உண்கிறது. பாழடைந்த மண்டபத்தின் மூலையில் தவளைக் கால், வெட்டுக்கிளி இறக்கை, சிட்டின் இறகு மூன்றும் கலந்து கிடந்தால் அது போலி இரத்தமுறிஞ்சி வௌவாலின் சாப்பாட்டு இடம். பெயர் அப்படி இருந்தாலும் அது ரத்தம் குடிப்பதில்லை. பூச்சி, தவளை, எலி, சிறு பறவை என்று வேட்டையாடித் தின்னும். நெற்றியில் ஒன்றோடொன்று ஒட்டிய பெரிய காதுகள், வெளியே தெரியாத வால் என்று முகம் பார்த்தே சொல்லிவிடலாம்.

குகை, மண்டபம், கிணறு எதுவானாலும் உள்ளே போய் டார்ச் அடிக்காதீர்கள். குட்டியைச் சுமக்கும் தாய்கள் மிரண்டு பறந்தால் குட்டி கீழே விழும். காப்புக்காட்டுக்குள் இருக்கும் குகை என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

படி 2: அந்தியில் நில்லுங்கள்

சூரியன் மறைவதற்கு முன்பே வானம் தெரியும் இடத்தில் மேற்கு நோக்கி நின்றுவிடுங்கள். வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே நிழலுருவம் தெரிய வேண்டும். முதலில் குழப்புவது உழவாரன் குருவி. அது இறக்கையை விறைப்பாக வைத்து வழுக்கிக்கொண்டு போகும். பூச்சி தின்னும் வௌவால்கள் அப்படி நீண்ட தூரம் வழுக்குவதில்லை, அடித்துக்கொண்டே சட் சட்டென்று திசை மாறும்.

உயரத்தில் நேராக, வேகமாகப் போவது கல்லறை வௌவாலாகவோ தளர்வால் வௌவாலாகவோ இருக்கும். தெருவிளக்கைச் சுற்றி வட்டமடிப்பது பெரும்பாலும் பிப்பிஸ்ட்ரெல். புதரையும் கிளையையும் ஒட்டித் தாழப் பறப்பது குதிரைலாட வௌவால் அல்லது இலைமூக்கு வௌவால். பழமரத்தில் வந்து ஒட்டி, ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு உடனே வேறு மரத்துக்குப் போவது குறுமூக்குப் பழந்தின்னி. காது விளிம்பு வெளுத்திருக்கும், விரல் எலும்புகளும் வெளிறித் தெரியும்.

படி 3: ஒலியைப் பிடியுங்கள்

பலர் திணறும் இடம் இதுதான், நானும் வெகுநாள் நின்ற இடம். கண்ணெதிரே இலைமூக்கு வௌவால் பறக்கிறது, கையில் மீயொலியை, அதாவது நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியைப் பிடிக்கும் மைக் ஓடிக்கொண்டிருக்கிறது, திரையிலோ ஒன்றுமே இல்லை. மைக் பழுதில்லை. விரல்களைத் தேய்த்தால், சாவிக்கொத்தை ஆட்டினால் கோடுகள் வருகின்றன. அந்த வௌவால் மட்டும் வரவில்லை.

விடை சாம்ப்ளிங் ரேட்டில் இருக்கிறது. ஒரு கருவி நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறதோ, அதில் பாதி வரைக்கும்தான் அதனால் அதிர்வெண்ணைப் பதிவுசெய்ய முடியும். 256 கிலோஹெர்ட்ஸ் ரேட் என்றால் எல்லை 128. மஞ்சள் வௌவாலும் பிப்பிஸ்ட்ரெல்லும் அதற்குள் தாராளமாக அடங்கும். ஷ்னைடர் இலைமூக்கு வௌவாலோ 135-ஐ ஒட்டிக் கத்துகிறது. எல்லையைத் தாண்டிய ஒலி காணாமல் போகும், இல்லையென்றால் மடங்கி 121-ல் பொய்க்கோடாக விழும். அந்தக் கோட்டை வைத்துப் பெயர் தேடினால் எங்கேயோ போய் நிற்போம்.

அதனால் 384 கிலோஹெர்ட்ஸ் ரேட் கொண்ட கருவியையே வாங்குங்கள். போனில் செருகும் மைக்குகளின் அடிப்படை வகைகள் சில 256-ல் நின்றுவிடும், வாங்குமுன் அந்த எண்ணைப் பாருங்கள். எனக்குப் பிடித்தது ஆடியோமாத் என்ற ஒலிப்பதிவுக் கருவி. சிறியது, 384 வரை போகும், இரவு முழுக்க ஒரு மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம். மீயொலியைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றும் ஹெட்டரோடைன் டிடெக்டரில் உடனுக்குடன் கேட்கலாம் என்பது உண்மைதான், ஆனால் திருப்பிவைத்த அதிர்வெண்ணைச் சுற்றியுள்ளது மட்டுமே அதில் கேட்கும். பெயர் கண்டுபிடிக்க அது போதாது.

படி 4: கோட்டின் வடிவத்தைப் படியுங்கள்

பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, அதிர்வெண்ணை நேரத்துக்கு எதிராகக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாற்றுங்கள். குதிரைலாட வௌவாலின் ஒலி நீண்ட கிடைக்கோடு, இரு முனையும் கீழ்நோக்கி வளைந்து ஸ்டேப்ளர் பின்னைப் போல இருக்கும். இலைமூக்கில் கிடைக்கோடு குட்டை, வால்பகுதி மட்டும் சரியும். பிப்பிஸ்ட்ரெல் மேலிருந்து செங்குத்தாக இறங்கி அடியில் சற்றே படுக்கும். தளர்வால் வௌவால் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஏறத்தாழக் கிடையாகவே போகும், கூர்மையான காதுக்குக் கருவி இல்லாமலே எட்டும். போலி இரத்தமுறிஞ்சி மிக மெல்லக் கத்துவதால் மைக்கில் சிக்குவது அபூர்வம். பெரும் பழந்தின்னி வழி அறிய எதிரொலியை நம்புவதே இல்லை, அதற்குக் கண்ணும் மூக்கும் போதும்.

தானாகவே பெயர் சொல்லும் மென்பொருள்களை நம்பாதீர்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பிய, வட அமெரிக்க வௌவால்களின் ஒலியில் பழக்கப்பட்டவை, நம் வௌவாலுக்கு அங்குள்ள பெயரைச் சூட்டிவிடும். குறிப்பேட்டில் ‘பிப்பிஸ்ட்ரெல் வகை’ என்று நிறுத்துவது நேர்மையான பதிவு. 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் மேகமலையில் பிடித்த பழந்தின்னி ஒன்று, குறுமூக்கு வௌவால் என்ற பெயரிலேயே அருங்காட்சியகச் சேகரிப்பில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 1972-ல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதைப் புதிய பேரினம் என்று கண்டறிந்து பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். உடலைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்தது.

பிற்சேர்க்கை

‘ஆடாசிட்டியில் வெறும் கறுப்புதான் தெரிகிறது’ என்று கேட்டவர்களுக்கு: ஸ்பெக்ட்ரோகிராம் அமைப்பில் அதிகபட்ச அதிர்வெண் இயல்பாக 20,000 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கும். அதை 1,90,000 ஆக்குங்கள், கோடுகள் தெரியும்.

எனக்கு ஒலி அனுப்புபவர்கள் எம்பி3 ஆக மாற்றாதீர்கள், வாட்ஸ்அப் குரல் பதிவாகவும் வேண்டாம். இரண்டிலுமே மீயொலி முழுக்க அழிந்துவிடும். மூல வேவ் கோப்பை அப்படியே டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் தங்குமிடப் படம் ஏற்றும்போது இடத்தை மறைக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். பழந்தின்னிகளைத் தீங்குயிர் என்று வைத்திருந்த அட்டவணையே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது, ஆனாலும் வேட்டையாடுபவர்கள் இருக்கிறார்கள். மாவட்டப் பெயர் மட்டும் தெரிந்தால் பதிவுக்குப் போதும்.